மாட்டுவண்டிக்கு எட்டு மார்க்

ஒரு மாட்டுவண்டி எட்டு காருக்குச் சமம். இதை வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால் ஆதாரத்தோடே சொல்லிவிடுகிறேன். இந்திய சாலைகள் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலை எப்படிப் போடவேண்டும் என்று 1934-லிருந்து விதி எழுதிவரும் பொறியாளர் சபை) 1990-ல் வெளியிட்ட 64-ஆம் எண் கையேட்டில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. கார் ஒன்று. பஸ், லாரி மூன்று. டிராக்டர் டிரெய்லரோடு வந்தால் நாலரை. குதிரைவண்டி நாலு, கைவண்டி மூன்று. ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் ஆளுக்கு அரை. மாட்டுவண்டிதான் எல்லாரையும் தள்ளிவிட்டு எட்டு மார்க் வாங்கியிருக்கிறது. சின்ன மாட்டுவண்டி என்றால் ஆறு.

இந்த மார்க்குக்குப் பயணிகள் கார் அலகு என்று பெயர்; பொறியாளர்கள் பிசியு என்பார்கள். ஒரு வண்டி ரோட்டில் எவ்வளவு இடத்தையும் பின்னால் வருகிறவர் பொறுமையில் எவ்வளவையும் தின்கிறது என்பதன் கணக்கு அது. சமதரையில் இரண்டு வழிச்சாலை நாளொன்றுக்கு 15,000 பிசியு தாங்கும் என்பது கையேட்டின் நம்பிக்கை. தாம்பரத்தில் எங்கள் வேளச்சேரி ரோட்டைப் பார்க்காமல் எழுதியது.

64-ஆம் எண் ஊர்ப்புறச் சாலைகளுக்கு மட்டும். நகரத்துக்கென்று அதே 1990-ல் 106-ஆம் எண் கையேடு வந்தது. அதில் மார்க் மாறிவிடுகிறது. ஊர்ப்புறத்தில் ஒரே ஒரு காராக இருக்கிற ஆட்டோ, நகரத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் இரண்டு கார். அரையாக இருந்த ஸ்கூட்டர் முக்கால். அதாவது நகரத்துக்குள் வந்துவிட்டால் சிலர் கொஞ்சம் வீங்கிவிடுகிறார்கள். மனுஷரும் அப்படித்தானே.

நாங்கள் இதில் எந்தக் கையேட்டில் வருகிறோம் என்பதுதான் சிக்கல். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சியையும் ஐந்து பேரூராட்சியையும் சேர்த்துக் கட்டித் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். அதுவரை மாடம்பாக்கமும் சிட்லபாக்கமும் பெருங்களத்தூரும் பேரூராட்சிகள். ராத்திரி படுக்கும்போது பேரூராட்சி, காலையில் பால் வாங்கப் போகும்போது மாநகராட்சி. போர்டை மாற்றினார்கள், வரி ரசீதை மாற்றினார்கள். தெருவை மட்டும் யாரும் அகலப்படுத்தவில்லை. களத்துமேட்டுக்குப் போக ஒருவர் விட்ட வழி அப்படியே இருக்கிறது. அதில் இப்போது தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன், கேப், ஷேர் ஆட்டோ எல்லாம் எதிரெதிரே வந்து, யார் பின்னால் போவது என்று கௌரவப் பிரச்சினை நடத்துகின்றன.

கேம்ப் ரோடு சந்திப்பில் ஒருநாள் வாகனக் கணக்கெடுப்பைக் கிட்ட நின்று பார்க்க வாய்த்தது. மூடிய கடையொன்றின் படியில் இரண்டு பையன்கள். மடியில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். நாலு வண்டிக்கு நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது வண்டிக்குக் குறுக்கே ஒரு கோடு. ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். உள்ளே எத்தனை பேர் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“வண்டிதான் மேடம் எண்ணணும். தலை எண்ணினா நாங்க வீட்டுக்குப் போக முடியாது” என்றான் பெரியவன். ஒரு கோடு.

பின்னாலேயே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர், பின்னால் குறுக்கே இன்னொன்று, முன்னால் ஓட்டுபவரின் மகன், அவன் கையில் ஸ்கூல் பை. டூ வீலர் கட்டத்தில் ஒரு கோடு. அகலத்தில் அது எந்தக் காருக்கும் சளைத்ததில்லை, கணக்கில் அரையோ முக்காலோதான்.

சந்திப்பின் நட்டநடுவில் ஒரு பசு உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் அதைச் சுற்றிப் பிரதட்சணமாகவும் அப்பிரதட்சணமாகவும் போயின. இதை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

“மாட்டுவண்டிக்குக் கட்டம் இருக்கு மேடம். வண்டி இல்லாத மாட்டுக்கு இல்ல.”

வண்டியோடு நடந்து போனால் எட்டு. தனியாக வந்து நடு ரோட்டில் உட்கார்ந்து ஊரையே நிறுத்தினால் பூஜ்யம்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். பையன்களுக்குள் வேலைப் பிரிவினை இருந்தது: மேடவாக்கம் நோக்கிப் போகிற வண்டிகள் பெரியவனுக்கு, தாம்பரம் நோக்கி வருகிறவை சின்னவனுக்கு. அப்போது மேடவாக்கம் போகிற பக்கத்தில், தாம்பரத்தை நோக்கி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பைக் வந்தது. “உன் சைடுடா” என்றான் சின்னவன். “திசை உன்னுதுடா” என்றான் பெரியவன். பைக்கைப் பின்பற்றி இரண்டு ஸ்கூட்டர், ஓர் ஆட்டோ, இட்லி மாவு வண்டி. வழக்கு முற்றிக்கொண்டே போனது. கடைசியில் இருவரும் அவரவர் தாளில் ஒவ்வொரு கோடு போட்டுக்கொண்டார்கள். ராங் சைடில் வருகிறவர் தன் இடத்தையும் எதிரே வருகிறவர் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார் என்பதால், இதைவிட நியாயமான தீர்ப்பை எந்த நிபுணர் குழுவும் தந்திருக்காது.

ராங் சைடு ஆட்டோவின் நியாயத்தையும் கேட்டுவிடவேண்டும். வேறொரு நாள் அப்படி வந்த ஆட்டோவில் நானே உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய்க் கேட்டதற்கு டிரைவர் சாவகாசமாகச் சொன்னார்: “இது ராங் சைடு இல்லக்கா, ஷார்ட் சைடு. யூ டர்னைக் கொண்டுபோய் அவ்ளோ தூரம் வெச்சிருக்காங்க. போய்ட்டு வர்ற கேஸ் காசை நீங்க குடுப்பீங்களா?” நான் கொடுப்பதாக இல்லை. நடுச்சுவரில் இருந்த இடைவெளிகளை அடைத்துவிட்டு, திரும்புகிற இடத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்தால், ஜனங்கள் அங்கே போய்த் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்ப்பவர் எங்கள் பக்கம் குடியிருந்தவராக இருக்கமுடியாது.

எண்ணுவது எப்படி என்பதற்கும் ஒரு கையேடு உண்டு. 1972-ல் திருத்தி வெளியிட்ட 9-ஆம் எண். வருடத்துக்கு இரண்டு முறை எண்ணவேண்டும்: அறுவடையும் சந்தையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் ஒன்று, மந்தமான காலத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், நாள் முழுக்க 24 மணி நேரம். எங்கள் பக்கத்தில் அறுவடை எப்போதோ முடிந்து பிளாட்டும் போட்டாயிற்று. அதில் இன்னொரு விதியும் இருக்கிறது, படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்: திருவிழா, பொருட்காட்சி மாதிரி ஏதாவது நடந்தால் எண்ணக் கூடாது, சகஜ நிலை திரும்பும்வரை சில நாள் தள்ளிப்போடவேண்டும்.

சகஜ நிலை! வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கூட்டம். சனி, ஞாயிறு வண்டலூர் உயிரியல் பூங்கா. திங்கள் விடியற்காலை ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். புதன், வியாழன் முகூர்த்தம். ரோட்டோரக் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்பு நடுரோட்டில்தான் நடக்கும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, கல்யாணமும் வைக்கமாட்டார்கள், அந்த ஒருநாளாவது தேறும் என்று பார்த்தால் அன்றுதான் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுவார்கள். இடையில் மழைக்காலம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டார்கள். படகுக்கு எத்தனை பிசியு என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

பொங்கலையும் தீபாவளியையும் தனியாகச் சொல்லவேண்டும். முன்பு கோயம்பேட்டில் பஸ் ஏறியவர்கள் பெருங்களத்தூரில் பஸ்ஸோடு மாட்டிக்கொண்டு கிடப்பார்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தது. இப்போது பஸ் கிளாம்பாக்கத்தில் நிம்மதியாக நிற்கிறது; அதைப் பிடிக்கப் போகிற பயணிகள் மட்டும் பெருங்களத்தூரில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னேற்றம்தான், பஸ்ஸுக்கு.

இதையும் தாண்டிச் செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் சுங்கச்சாவடி. அங்கே வண்டியை எண்ணினால் காசு வரும் என்பதால் கணக்கு கறாராக இருக்கும் என்று நினைப்போம். 2019 ஆகஸ்டிலிருந்து 2020 ஜூன் வரை அதைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டண விலக்கு பெற்றவை என்று 2023-ல் வெளிவந்த மத்திய தணிக்கைத் துறை அறிக்கை சொன்னது. பரனூர் வழியாகப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் இத்தனை பெரிய மனிதர்கள் போய்வந்திருக்கிறார்கள். நாங்கள்தான் ஹாரன் அடித்து அவமரியாதை செய்திருக்கிறோம்.

நெடுஞ்சாலைத் துறை ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். சகஜ நிலைக்குக் காத்திருக்காமல் எந்த நாளிலாவது எண்ண வாருங்கள். தாளில் வண்டியில்லாத மாட்டுக்கு ஒரு கட்டமும், எதிர்த்திசைக்கு ஒரு கட்டமும் சேர்த்து அடியுங்கள். எண்ணுகிற பையன்களுக்கு ஒரு குடையும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். எண்ணி முடித்த கையோடு, அந்த யூ டர்னைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவந்து வையுங்கள்.