கொண்டையில் கோபுரம்

ஒரே ஃபிரேமில் ரெண்டு படம் எடுத்தால் ஃபிலிம் செலவு பாதியாகும் என்று நினைத்துத்தான் டபுள் எக்ஸ்போஷரில் இறங்கினேன். கலை ஆர்வம் என்பதெல்லாம் பிறகு கேட்டவர்களுக்குச் சொன்னது.

பழைய ஃபிலிம் கேமராவில் ரீவைண்ட் குமிழை இறுக்கிப் பிடித்து, அடியில் இருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே லீவரை இழுக்க வேண்டும். ஷட்டர் தயாராகும், ஃபிலிம் நகராது. இதற்கு மூன்று கை வேண்டும். எனக்கு இருக்கிற ரெண்டே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

ரெண்டு படத்தின் வெளிச்சமும் ஒன்றாகச் சேரும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். 100 ஏஎஸ்ஏ ஸ்லைடு ஃபிலிம் என்றால் டயலை 200-இல் வைத்துவிட்டால் போதும். நான் 50-இல் வைத்தேன். பாதி என்றால் பாதிதானே!

மாமல்லபுரம் கோயிலும் அலையும் சேர்ந்தே வெளுத்துப்போயின. லேப்காரர், "சார், ரோல் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்துட்டீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அந்தத் தப்பாவது எல்லோரும் செய்வது.

அடுத்த பாடம்: முதல் படத்தில் எங்கே இருட்டோ, அங்கேதான் ரெண்டாவது படம் எடுபடும். அதற்காகத்தான் ஆளை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி நிழலுருவமாக எடுப்பார்கள். நான் மனைவியை வெள்ளைச் சுவர் முன்னால், முகத்தில் வெயில் விழ நிறுத்தினேன். அதன்மேல் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மயிலாப்பூர் கோபுரம்.

படத்தில் கறுப்பாக இருந்தது அவள் தலைமுடி மட்டும்தான். கோபுரம் நேரே போய்க் கொண்டையில் உட்கார்ந்தது. "பரவாயில்லைங்க, பூ வாங்குற செலவு மிச்சம்" என்றாள்.

1940-இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்திலேயே பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். நானும் பாதியை மறைத்துத் தம்பியை எடுத்தேன். ரெண்டாவது தடவையும் அதே பாதியை மறைத்தேன்.

1860-களில் அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் செத்தவர்களின் ஆவி விழுவதாகச் சொல்லிப் படம் எடுத்துச் சம்பாதித்தார். 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு வந்தது. ஆதாரம் போதாமல் தப்பித்தார். என் படத்தில் உயிரோடு இருக்கிறவர்களே ஆவியாகத்தான் தெரிகிறார்கள். காசு மட்டும் வரவில்லை.

பிறகு நண்பரின் டிஜிட்டல் கேமரா கிடைத்தது. 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் III. ஒன்பது படம் வரை அதுவே சேர்க்கும், கணக்கையும் அதுவே போடும். மெனுவில் 'ஆவரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். படமும் சொன்ன சொல் தவறாமல் வந்தது.

சக சொதப்பல்காரர்களே, உங்கள் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுங்கள். யாராவது "என்ன இது?" என்று கேட்டால் "லேயர்ஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.