ரசமட்டம் சார்

அவர் வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் இன்ச் டேப் வந்துவிடும். "அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்பார். நீங்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவராக இருந்தாலும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நுனியைப் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

இப்படி ஒருவர் ஏறக்குறைய எல்லா அடுக்குமாடியிலும் உண்டு. அரசாங்க எஞ்சினியராகப் பாலமும் மதகும் கட்டி ஓய்வு பெற்றிருப்பார். மதகு கைவிட்டுப் போனபின் மிச்சம் வீடுதான். அதிலும் சமையலறை மனைவியின் ஆட்சி, பூஜையறை அம்மாவின் ஆட்சி. கேட்பாரில்லாமல் கிடப்பது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் நாலடிக்கு ஆறடி சர்வீஸ் ஏரியா. விளக்குமாறும் காலி சிலிண்டரும் பாதி பெயிண்ட் டப்பாவும் குடியிருக்கும் அந்தச் சந்தில்தான் இவர் தன் கடைசி அணையைக் கட்டுவார்.

எங்கள் நங்கநல்லூர் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரருக்கு 'ரசமட்டம் சார்' என்று பெயர் வைத்தவர் கொத்தனார். நாங்கள் வழிமொழிந்ததோடு சரி. மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அவர் ரசமட்டத்தைச் செருகியிருப்பார்.

வாஷிங் மெஷின் வாங்குவதென்று அவர் முடிவெடுத்தது தை மாதம். வாங்கியது ஆவணியில். நடுவில் நடந்ததெல்லாம் திட்டம். முதலில் தரையில் சாக்கட்டிக் கோடு போட்டார். அழுக்கு வந்து விழும் இடம், வெள்ளையும் கலரும் பிரியும் இடம், துவைக்கும் இடம், காயும் இடம், மடிக்கும் இடம் என்று வரிசையாகப் போகும். துணி எந்த இடத்திலும் வந்த வழியே திரும்பக் கூடாதாம். மடிக்கும் இடத்துக்கு 'மடிப்பகம்' என்று பெயரே வைத்துவிட்டார். "மடிப்பகத்துக்குப் பக்கத்துல ஒரு பிப்காக் வரணும்ப்பா" என்று பிளம்பரிடம் சொன்னார். "மடிப்பாக்கம் என் ஏரியா இல்ல சார். அங்க என் மச்சான் பாக்கிறாப்ல, நம்பர் தரட்டா?" என்றார் பிளம்பர்.

இதற்கெல்லாம் அவருக்கு ஒரு குலதெய்வம் உண்டு. அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத். செங்கல் வைப்பதில் இருந்த 18 அசைவுகளை நாலைந்தாகக் குறைத்துக் காட்டியவர். அவர் மனைவி லில்லியனும் எஞ்சினியர். அதே கணக்கைச் சமையலறைக்குள் கொண்டுவந்தவர். இந்தக் கதையைச் சார் ஒருநாள் கூடத்தில் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் அந்தத் தம்பதிக்குப் பன்னிரண்டு குழந்தைகள் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு பிள்ளைன்னா துணி சேரத்தானே செய்யும்? நமக்கு ஒண்ணு. அதுவும் பெங்களூர்ல" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

சார் அசரவில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் வந்திறங்கிய அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 85 என்று வெட்டி ஒட்டி, ஒரு மெஷினே செய்தார். முகப்பில் வட்டக் கதவு, திறந்து மூடலாம். ஸ்கெட்ச் பேனாவில் பட்டன்கள். ஸ்டார்ட் பட்டனுக்கு மட்டும் பச்சை. குடும்பம் முழுவதும் மாதக்கணக்கில் அதை இடிக்காமல் ஒதுங்கி நடந்து பழகவேண்டும் என்பது உத்தரவு. பத்தாம் நாள் அவர் மனைவி அந்த வட்டக் கதவைத் திறந்து இரண்டு கிலோ வெங்காயத்தை உள்ளே கொட்டினார். காற்றோட்டமாக இருந்ததால் ஒன்றுகூட அழுகவில்லையாம்.

சிரித்தேன்தான். ஆனால் அந்த மனிதர் சொன்ன ஒன்று என் வீட்டையே திருத்தியது. மெஷினின் கழிவுநீர்க் குழாயைத் தரையோடு கிடத்தினால், உள்ளே தண்ணீர் ஏற ஏற வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டடி உயரத்துக்காவது தூக்கி மாட்டவேண்டும் என்றார். எங்கள் மெஷின் ஒரு மணி நேர வேலையை ஏன் மூன்று மணி நேரம் இழுக்கிறது என்பது மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அதுவரை கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டத்துக்கு வந்த பெரிய எதிர்ப்பு, வேலைக்கு வரும் அக்காவிடமிருந்து. வரைபடத்தில் துவைக்கிற கல்லைக் காணோம். "காலர் அழுக்கும் கால்சட்டை முட்டியும் மெஷின்ல போவாது சார். கல்லை எடுத்தீங்கன்னா நான் நாளையிலிருந்து வரல" என்றார். கல் நின்றது. மடிப்பகம் எட்டு அங்குலம் சுருங்கியது. அடுத்து மச்சினர் வந்து, மெஷின் வாயு மூலையில் இருக்கவேண்டும் என்று தென்கிழக்கைக் காட்டினார். அது அக்கினி மூலை என்று அம்மா திருத்தியதில் அந்தப் பிரச்சினை அன்றே ஓய்ந்தது.

ஆவணியில் மெஷின் வந்தது. நாங்கள் நாலு பேர் பார்க்கப் போயிருந்தோம். பின்னால் குழாய் மடங்காமலிருக்க விட்ட நாலு அங்குலம் நூல் பிசகாமல் இருந்தது. மெஷினின் முதுகில் தொட்டி ஆடாமலிருக்கப் பூட்டி அனுப்பும் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கி எண்ணிப் பார்த்தார். மேலே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

பிறகு கதவைத் திறந்தார்.

அட்டை மெஷினின் கீல் வலது பக்கம். வந்த மெஷினின் கீல் இடது பக்கம். மடிப்பகமும் இடது பக்கம். திறந்த கதவு இரண்டுக்கும் நடுவில் டோல்கேட் தடுப்பு மாதிரி நின்றது. ஃபிரிட்ஜ் கதவாவது மாற்றிப் பூட்டலாம். இதில் அப்படி முடியாது என்று, வந்த பையன் பக்குவமாகச் சொன்னான். சார் கதவை மூடினார். திறந்தார். இன்னொரு தடவை மூடினார். அக்கா ஒன்றும் பேசாமல் ஈரத்துணியை அள்ளி, கதவுக்கு மேலாகத் தூக்கி, துவைக்கிற கல்லின் மேல் போட்டார். இன்றுவரை அந்த வீட்டில் துணி அப்படித்தான் போகிறது.

மறுவாரம் சங்கச் சந்தா வாங்கப் போனேன். சார் சமையலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் அட்டை மெஷின், உள்ளே வெங்காயம்.

"இதை எடுக்கக் கூடாதுங்கிறா சார். சரி, நிரந்தரமா பண்ணிடலாம்னு பாக்கிறேன். வெங்காயம் தனி, உருளைக்கிழங்கு தனி. ரெண்டையும் சேத்து வச்சா சீக்கிரம் முளைவிடும். அகலம் எவ்வளவு விடலாம்ங்கிறீங்க?"

டேப்பின் நுனியை நீட்டினார். ரசீது புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தேன்.