செண்டுக்கு ஒரு வாட்டு

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. மேலக்காட்டு ஒரு ஏக்கரையும் கரண்டுக் காடா ஆக்கப் போறியாமே? வெயில் சும்மா கொதிக்கு, வீணாப் போவுதுன்னு புலம்புதியாம். வெறும் சூட்டுல கரண்டு வருமாலே? வந்தா, உங்க அத்தை கோவத்துல இந்தத் தெருவுக்கே லைட்டு எரியணும்.

மேட்டு வயல்ல தண்ணி நின்னா மட்டும் வாய்க்கால் ஓடாது, பள்ளத்து வயலும் வேணும்லா. சூடும் அப்படித்தான். ரெண்டு உலோகத்தை முடிச்சுப் போட்டு, ஒரு முனையைச் சூடாவும் மறுமுனையைக் குளிராவும் வச்சா கரண்டு ஓடும். 1821லயே சீபெக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. அவரு அதைக் காந்தம்னு நினைச்சிட்டாரு, பாவம்.

சூட்டுக்குச் சூரியன் இருக்கு. குளிருக்கு எங்க போவ? பிரிட்ஜை வரப்புக்குத் தூக்கிட்டுப் போவியோ? அண்ணாந்து பாருலே. மார்கழியில மேகம் இல்லாத ராத்திரி வைக்கப்படப்பு நனைஞ்சு கிடக்கும். மேகம் மூடுனா புழுங்கும். ஏன்னு யோசிச்சியா? தரையோட சூடு கண்ணுக்குத் தெரியாத கதிராக் கிளம்பி மேல போவுது. அதுல 8லேருந்து 13 மைக்ரான் வரைக்கும் உள்ள கதிரைக் காத்து அவ்வளவா மறிக்காது. மேகந்தான் மறிக்கும். தாண்டிட்டா அண்டவெளி, மைனஸ் 270 டிகிரி. அலகாபாத் பக்கம் குழி வெட்டி, காஞ்ச கரும்புத் தட்டையைப் பரப்பி, மேல மண்சட்டியில தண்ணி வச்சு, விடியக்காலம் ஐஸ் அள்ளுனாங்கன்னு ராபர்ட் பார்க்கர்ங்கிற வெள்ளைக்காரர் 1775லயே எழுதியிருக்காரு. அப்ப ஏது கரண்டு!

இப்ப அமெரிக்காவுல, ஸ்டான்போர்டுல, ஆஸ்வத் ராமனும் கூட்டாளிகளும் 20 சென்டிமீட்டர் அலுமினியத் தட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, தெர்மாகோல் பெட்டியில வச்சு, ராத்திரி மொட்டை மாடியில வானத்தைப் பாக்க விட்டாங்க. தட்டு, சுத்தியிருக்க காத்தைவிடக் குளுந்துபோச்சு. அந்த வித்தியாசத்துல ஒரு குட்டி எல்இடி எரிஞ்சுது. 2019ல வெளிவந்த சங்கதி. பகல்ல அதே தட்டு வெயில்ல காஞ்சா, கரண்டு திரும்பி ஓடும். கெட்டிக்காரப் பயலுவதான், நான் இல்லேங்கல. ஆள் ஏறாத மலையில ஒரு சின்னக் கருவி கண்சிமிட்ட இது போதும்.

ஆனா கணக்கைக் கேளு. சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட்டு. நம்ம பாசையில செண்டுக்கு ஒரு வாட்டு. மேலக்காடு முழுக்கப் பெட்டி பரப்புனா ராத்திரிக்கு 100 வாட்டு குண்டு பல்பு ஒண்ணு எரியும். அதுவும் மேகம் மனசு வச்சாத்தான்.

பேசாம ஏக்கரை எம்பேர்ல எழுதிக் குடு மருமவனே. பல்பு நான் வாங்கித் தாறேன்.