சாக்கு

வா சாமி. அந்தக் கயித்துக் கட்டலை வேப்ப நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காரு. கார்ல வந்த வேகத்தைப் பாத்தா அவசரச் சோலியாட்ட இருக்குது. மோர் குடிக்கிறியா? வேண்டாமா? மோரே வேண்டாம்னா சோலி பெருசுதான்.

"ஜெர்மனிக்கே குடி போயிரலாமான்னு ரோசனை பண்ணிட்டிருக்கறோம், அப்பாரு என்ன சொல்றீங்க"ன்னு கேக்கற. கேக்கறப்ப உன்ற கண்ணு எங்க போச்சுன்னு நானும் பாத்தேன். கட்டுத்தறிக்குப் போச்சு, தென்னைக்குப் போச்சு, என்ற மூஞ்சிக்கு மட்டும் வரலை. அம்பது வருசம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெல பேசுனவன்டா நானு. மாடு வாங்க வந்தவன் யாரு, சும்மா பல்லைப் புடிச்சுப் பாத்துப்போட்டுப் போறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?

நீ ரோசனை கேக்க வரலை, சாக்குக் கேக்க வந்திருக்கற. "அப்பாரு வேண்டாம்னுட்டாரு, வயசான மனுசன், மனசு நொந்திரும்"னு ஊட்டுல போயி அம்மிணிகிட்டச் சொல்லோணும், அதானே? சாக்கு வேணும்னா அந்த ரூம்புக்குள்ள கொப்பரை போட்ட சாக்கு பத்திருவது கெடக்குது, வேணும்ங்கறத எடுத்துக்கோ. எங்கிட்ட வேற சாக்கு இல்லை.

சரி, வந்தது வந்துட்ட. சித்த நாயம் பேசலாம்.

போற ஊரு ஆல்ப்ஸ்டாட். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெக்கால, மலைமேல. ஒரு காலத்துல அது அந்த நாட்டுத் திருப்பூரு. பனியன், உள்ளாடை, பின்னல் துணின்னா அந்தப் பக்கந்தான். பொறகு வேலையெல்லாம் கூலி கொறஞ்ச நாடுகளுக்கு ஓடிப்போச்சு, கம்பெனி ஒண்ணொண்ணா மூடுனாங்க. இப்பப் பின்னல் தொழிலுக்குன்னே அவத்த ஒரு மியூசியம் இருக்குது. பின்னல் ஊசி செய்யறது மட்டும் விட்டுப்போகலை. ஊசி அவங்க ஊரு, நூலு நம்ம ஊரு. அப்புடிப் பின்னல் மிஷினைப் பாக்க வந்த அம்மிணிதானே உன்னையும் பாத்துச்சு? நீ பதினஞ்சு வருசம் பனியன் கம்பெனியில கொட்டுன குப்பையை மூட்டை கட்டீட்டு அவத்திக்குப் போனா, ஒண்ணு ஊசிக் கம்பெனியில சேரோணும், இல்லாட்டி மியூசியத்துல உன்னையவே கண்ணாடிக்குள்ள நிக்க வெச்சுருவாங்க. கல்யாணம் பண்ணுன விசாவுல போனா மொத நாள்லருந்தே வேலைக்குப் போலாம், தனி அனுமதி வேண்டாம். அதனால சட்டம் உடலைன்னு மட்டும் சாக்குச் சொல்லாதே.

"அந்த ஜனங்களோட எப்புடி அப்பாரு ஒத்துப்போறது"ங்கற. அடேய், அந்தப் பக்கத்து ஷ்வாபியாக்காரங்க நம்மளைக் காட்டிலும் நம்மளாட்ட இருக்கறவங்க. காசை எண்ணி எண்ணிச் செலவு பண்ணுவாங்க, சொந்த ஊடு கட்டறதுக்குன்னே பொறந்த கூட்டம்னு அந்த நாட்டுலயே கேலி பேசறாங்களாம். பேச்சும் அப்புடித்தான். நமக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கறாப்ல அவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு 'லெ'. எங்களுக்குச் சுத்தமான ஜெர்மன் மட்டும் வராது, மத்ததெல்லாம் வரும்னு அவங்க மாநில அரசாங்கமே காசு குடுத்து வெளம்பரம் பண்ணியிருக்குது, 1999-ல. சோறும் அப்புடியே. ஷ்பெட்ஸ்லென்னு ஒண்ணு. நாம மாவை வேக வெச்சுப் புழிஞ்சா சந்தகை, அவங்க மாவைப் புழிஞ்சு வேக வெச்சா ஷ்பெட்ஸ்லெ. முட்டை போட்டுப் பெசையறாங்க, அது அவங்க இஷ்டம்.

ஒண்ணே ஒண்ணு உனக்குக் கஷ்டம். கேர்வோகேன்னு ஒரு மொறை உண்டு. அடுக்கு ஊட்டுல குடியிருந்தா வாரம் ஒருத்தர் படி கூட்டோணும், நடைபாதையைக் கூட்டோணும், பனி உழுந்தா அள்ளோணும். இந்த வாரம் யாரு மொறையோ அவங்க கதவுல அட்டை தொங்கும். ஆம்பளைக்கின்னு தனி அட்டை கெடையாது. பொறந்ததுலருந்து நீ வாசக்கூட்டி நான் பாத்ததில்லை. வெளக்கமாத்துல எந்தப் பக்கம் புடிக்கோணும்னு உங்கம்மாகிட்டக் கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழமை கடை இருக்காது, அன்னிக்கு டிரில் போடப்படாது, புல்லு வெட்டற மிஷினு ஓட்டப்படாது. நம்மூட்டுல ஞாயித்துக்கெழமை காலைல ஆறு மணிக்கு மைக்செட்டுப் போடறாங்களே, அதைக் கேட்டுட்டு அம்மிணி இத்தனை வருசமா என்ன நெனச்சிருக்கும்னு இப்பத்தான் எனக்கு ரோசனை வருது.

"போயிப் பாத்துட்டு வந்தோம், சூப்பரா இருந்துச்சு"ங்கற. போனது எந்த மாசம்? ஜூன். ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம். பந்தியில உக்காந்து சாப்புட்டு வந்தவன் குடும்பம் நடத்தறதைப் பத்திப் பேசுனாப்ல இருக்குது. மார்கழியில போ. நாலரைக்கெல்லாம் பொழுது உழுந்துரும். காலைல எட்டு மணி வரைக்கும் விடியாது. நடுவால ஒரு வெளிச்சம் வரும், அதுவும் கடன் குடுத்தவன் மூஞ்சியாட்ட இருக்கும். உன்ற லைசென்சு ஆறு மாசத்துக்குத்தான் செல்லும், அப்பறம் எழுத்துப் பரீச்சையும் ஓட்டிக் காட்டற பரீச்சையும் மறுக்கா எழுதோணும். தாராபுரம் ரோட்டுல வளைவுல பஸ்ஸை முந்தறவன் நீ. அந்தப் பரீச்சையை நெனச்சா எனக்கு இப்பவே சிரிப்பு வருது.

புள்ளைங்களைப் பத்தி நீ கவலைப்படாதே, அதுகளுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம காங்கேயங் கன்னைப் பாரு. செவலையாப் பொறக்குது, ஆறு மாசத்துல வெளுத்துப் போகுது. எங்க போச்சு அந்தச் செவப்புன்னு அதுக்கே தெரியாது. உன்ற புள்ளைங்களும் அப்புடித்தான். ஆனா ஒரு கணக்கு இருக்குது, கேட்டுக்கோ. அந்த மாநிலத்துல நாலாவது முடிச்சதுமே எந்தப் புள்ளை எந்தப் பள்ளிக்கோடம்னு பிரிச்சுர்றாங்க. பெரியவனுக்கு எட்டு வயசு. அம்மாகாரிகிட்ட ஜெர்மன் பேசறான், எழுதறானா? இன்னும் ரெண்டு வருசம் நீ நகத்தைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தீன்னா, அவன் சரியா அந்தப் பிரிக்கற எடத்துல போயி உழுவான். போறதுன்னா வெசையாப் போ, இல்லாட்டி போகவே வேண்டாம். நெலவுக்காலைப் புடிச்சிட்டு நிக்கறவனால உள்ள இருக்கறவனுக்கும் எடைஞ்சல், வெளிய இருக்கறவனுக்கும் எடைஞ்சல்.

இந்தக் காடு? ஆமா, அதைக் கேக்க மறந்துட்டியோன்னு பாத்தேன். மூணு வருசம் அங்க இருந்தா, பொண்டாட்டி ஜெர்மன்காரிங்கறதால, நீயும் பிரஜை ஆகலாம். அவங்க 2024-லருந்து ரெண்டு நாட்டுப் பிரஜையா இருந்தாலும் சரின்னுட்டாங்க. நம்ம சர்க்காரு உடாது. அந்தப் பாஸ்போர்ட்டை வாங்குன அன்னிக்கே இந்தப் பாஸ்போர்ட்டு செத்துப்போச்சு. பொறகு ஓசிஐ கார்டு குடுப்பாங்க. அதை வெச்சுட்டு வரலாம், போலாம், அடுக்குமாடி ஊடு வாங்கலாம், வெவசாயப் பூமி மட்டும் வாங்கப்படாது. பாத்தியமா வந்தா வெச்சுக்கலாம். ஆக, இந்தப் பன்னெண்டு ஏக்கரா கொரங்காடு உனக்கு வரோணும்னா ஒண்ணு நான் சாகோணும், இல்லாட்டி நீ அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடாம இருக்கோணும். நான் அவசரப்படறதா இல்லை. நீயும் அவசரப்படாதே. காட்டை வித்துப்போட்டுப் போலாம்னு உங்கப்பன் ஒரு வார்த்தை சொன்னானாமே? அவங்கிட்டச் சொல்லு, கிளுவை வேலியில முள்ளு இன்னும் கூராத்தான் இருக்குதுன்னு.

இப்ப மோர் குடிக்கிறியா? குடி. இனி பேசறது கொஞ்சம் தொண்டையில நிக்கும்.

உங்கப்பத்தா தாராபுரத்துப் பக்கம், அமராவதிப் பாசனத்துல பொறந்தவ. நெல்லுச் சோத்தைத் தவிர வேற தெரியாது. 1961-ல கல்யாணம். இருவது மைலு கூட்டுவண்டியில கூட்டியாந்தேன். வண்டிய விட்டு எறங்கிப் பாத்தா கொரங்காடு, கொழுக்கட்டைப் புல்லு, செம்மறியாடு. தண்ணிக்கு நூத்தியிருவது அடிக் கெணறு. மொத வருசம் பூராக் கம்பஞ்சோத்தை முழுங்க முடியாம அழுதா. "ஏனுங்க, குடி வரலாமா வேண்டாமா"ன்னு அவ எந்த அப்பாருகிட்டப் போயி ரோசனை கேட்டா? ஊருல இருக்கற அத்தனை பொம்பளையும் இன்னொருத்தன் ஊட்டுக்குக் குடி போனவதான். ஆம்பளை ஒருத்தன் போகோணும்னா மட்டும் பஞ்சாயத்து, பாஸ்போர்ட்டு, பஞ்சாங்கம்.

அம்மிணி வந்து ஒம்பது வருசம் ஆச்சு. களி முழுங்கக் கத்துக்கிச்சு. ஒறம்பரை எல்லாம் கதவைத் தட்டாம உள்ள வந்து, "இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லையா கண்ணு"ன்னு வயித்தைப் பாத்துக் கேட்டப்பச் சிரிச்சுது. மாக்ஸ் முல்லருன்னு ஒருத்தரு, இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, அவரு பேர்ல சென்னையில பவன் இருக்குது. வந்து ஒம்பது வருசமாப் பாலைக் கறந்து நம்ம சட்டியில ஊத்துன புள்ளைக்கு ரேசன் கார்டுல பேரு இல்லை. சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன்காரரு 1706-லயே தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் படிச்சு, தமிழ்ல அச்சடிச்சு, அந்த ஊருலயே 1719-ல மண்ணாப் போனாரு. அவங்க வந்தா நம்ம பாசையைப் படிக்கறாங்க. உன்னைய ஏ1 பரீச்சை, வெறும் மொதப்படி, "என்ற பேரு இது, எனக்குப் பசிக்குது"ங்கற அளவுக்கு எழுதீட்டு விசாவுக்கு வான்னா, "இந்த வயசுல எனக்கு மொழி வராது அப்பாரு"ங்கற. உனக்கு முப்பத்தெட்டு. நான் எழுவத்தஞ்சு வயசுல வாட்சப்புப் படிச்சேன்.

இன்னொண்ணு. காங்கேயத்து வக்கீலு ஒருத்தரு சொன்னாரு. புள்ளைங்களை ஒருத்தர் மட்டும் எடுத்துட்டு வேற நாட்டுக்குப் போயிட்டாத் திருப்பி அனுப்பறதுக்கு 1980-ல ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க. ஜெர்மனி அதுல இருக்குது, இந்தியா சேரலை. அவத்த குடி போனதுக்கப்பறம் உங்களுக்குள்ள ஒத்து வரலீன்னா, அம்மிணி சம்மதம் இல்லாம புள்ளைங்களை நீ தூக்கிட்டு வர முடியாது, அந்த நாட்டுச் சட்டத்துல அது குத்தம். இதைக் கேட்டதும் உன்ற மூஞ்சி சுருங்குது பாரு. சுருங்கட்டும். அந்த ஒப்பந்தத்துல இந்தியா இல்லைங்கறது அம்மிணிக்கு இங்க வரும்போதே தெரியும். நாளைக்கு உன்ற கூடச் சண்டை வந்தா, நாம புள்ளைங்களைக் குடுக்க மாட்டோம்னா, அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேக்க முடியாது. தெரிஞ்சுதான் வந்துச்சு, தெரிஞ்சுதான் ரெண்டையும் இங்கயே பெத்துச்சு. யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லுச்சா? உங்கிட்டச் சொல்லுச்சா?

சொல்லலை. அவங்கப்பா எழுவத்தாறு வயசுல படியேற முடியாமக் கெடக்கறாருங்கறதைக்கூட நீயாக் கேக்கோணும்னு பாத்துட்டிருந்துச்சு. ஒரே புள்ளை. உனக்குத் தம்பி இருக்கறான், உங்கப்பன் டிராக்டரு ஓட்டறான்.

என்னையப் பத்திக் கவலையா? அடப் போடா. நான் செத்தா வந்து சேர ரெண்டு நாள் ஆகும், அவ்வளவுதானே? அதுக்குத்தான் காங்கேயத்துல ஐஸ் பெட்டி வாடகைக்குக் கெடைக்குது. ஜெர்மனிக் குளிரு எப்புடின்னு நானும் படுத்துப் பாத்துக்கறேன்.

போயிட்டு வா. ஊட்டை விக்காதே, வாடகைக்கு உடு. ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு அஞ்சாறு வருசம் ஆவலாதிப் படாதே. மொத மார்கழியைத் தாண்டுனதும் எனக்கு போன் பண்ணு. இங்க பொழுதோட ஏழரைன்னா அங்க மத்தியானம் மூணு மணி. கருக்கல்ல பண்ணாதே, நான் பால் கறப்பேன்.

கேர்வோகே, ஷ்பெட்ஸ்லெ, ஹேக்குன்னு இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்புடித் தெரியும்னு இத்தனை நேரமா நீ கேக்கவே இல்லை. இதே கட்டல்ல, போன மாசம் பூராச் சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை அம்மிணி வந்து உக்காந்து நாயம் பேசிட்டுப் போச்சு. புள்ளைங்களோட மார்க்குச் சீட்டுலருந்து அவங்க ஊட்டுப் படி வரைக்கும் போன்ல காட்டுச்சு. வக்கீல்கிட்டக் கேட்டதும் நாந்தான். உன்னையப் போகச் சொல்லுங்கன்னு மட்டும் அது கேக்கலை. நானாத்தான் சரின்னேன்.

கோயமுத்தூர்ல ஏ1 கெளாசுக்குப் பணம் கட்டியாச்சு, கொப்பரை வித்த காசு. ரசீது உன்ற பேர்லதான் இருக்குது. வர்ற சனிக்கெழமை காலைல ஒம்பதரைக்கு மொத வகுப்பு. நோட்டும் பேனாவும் நீயே வாங்கிக்கோ.