ஒயில் மாமாவின் கம்பிப் பதம்

மாத்தளையில் எந்தக் கராஜுக்குப் போனாலும் மெக்கானிக் இல்லாத நேரம் உண்டு. ஒயில் மாமா இல்லாத நேரம் கிடையாது. அவருக்கு அங்கே வேலையும் இல்லை, சொந்தமாக வாகனமும் இல்லை. போனட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிடுவார்.

டிப்ஸ்டிக்கை உருவுவார். நுனியில் ஒட்டிய ஒயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, விரல்களை மெதுவாக விரிப்பார். பாகு காய்ச்சுகிறவரைப் போலக் கம்பிப் பதம் பார்க்கிறாராம். நூல் அறுந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

"தம்பி, இது வெறும் தண்ணி. இதை ஊத்திக்கிட்டா ரிவர்ஸ்டன் ஏறப் போறீங்க? ட்வென்டி ஃபிஃப்டி போடுங்க."

அதாவது 20டபிள்யூ-50. நடுவே நிற்கும் டபிள்யூ என்றால் எடை என்பது மாமாவின் சித்தாந்தம். அது குளிர்காலத்துக்கான எழுத்து என்று அவரிடம் யார் சொல்வது? 5டபிள்யூ ஒயிலின் குளிர்ச் சோதனை மறை 30 பாகையில் நடக்கிறது. அந்தக் குளிர் நம்மூர் ஐஸ்கிறீம் பெட்டியில்கூட இல்லை. இஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பு என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். அதை 100 பாகையில் அளக்கிறார்கள். தம்புள்ளை வெயிலோ ரிவர்ஸ்டன் பனியோ, இஞ்சினின் சூட்டை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கத் தெர்மோஸ்டாட் இருக்கிறது.

மாமாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பழைய சன்னியும் லான்சரும் புகை கக்கி ஓடிய நாளில், தேய்ந்த இஞ்சினுக்குத் தடித்த ஒயில் கைகொடுத்தது உண்மை. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, இருந்த வண்டிகளையே கட்டிக்கொண்டு மாரடித்தோமே, அது மாமாவின் பொற்காலம்.

வம்பு எங்கே என்றால், அதே வைத்தியத்தை அக்குவாவுக்கும் வேகன் ஆருக்கும் எழுதிக் கொடுக்கிறார். மெல்லிய ஒயிலுக்கென்றே செய்த இஞ்சின்கள் அவை. தடித்ததை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் மேலே ஏறச் சுணங்கும். பெற்றோலும் கூடக் குடிக்கும். ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்த கையேடு ஜப்பான் மொழியில் இருப்பதால், மாமா வாக்கே வேதவாக்கு.

"மாமா, புத்தகத்துல வேற நம்பர் போட்டிருக்கே?"

"புத்தகம் எழுதினவன் பலகடுவ ஏறியிருக்கானா?"

இதற்குப் பதில் கிடையாது, தேடவும் வேண்டாம். அடுத்த முறை கராஜுக்குப் போகுமுன், வீட்டிலேயே போனட்டைத் திறந்து ஒயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல ஜப்பான் வண்டிகளில் எந்த ஒயில் என்று அதன்மேலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.