எதிரிக்கும் ஒரு இலை

கேள்வி: 'போட்டியாளரோடு கைகோத்தால்தான் தொழில் வளரும்' என்கிறார்களே... அவரை ஒழிக்கத்தானே கடையே போட்டேன்?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: 1997 ஆகஸ்ட். பாஸ்டனில் ஆப்பிள் ரசிகர்கள் கூட்டம். மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ். பின்னால் பெரிய திரையில் பரம எதிரி பில் கேட்ஸ்! பங்காளிச் சண்டைக்காரரை மணமேடையில் ஏற்றியதுபோல அரங்கமே கூச்சலிட்டது. ஜாப்ஸ் அசரவில்லை. மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. மேக் கணினிக்கு ஐந்தாண்டு ஆபீஸ் மென்பொருள் தருவதாகவும் வாக்களித்தது. திவாலாகும் நிலையிலிருந்த ஆப்பிளுக்கு மூச்சு வந்தது. ஏகபோகப் புகாரில் சிக்கியிருந்த மைக்ரோசாஃப்டுக்கோ, 'எனக்கும் போட்டியாளர் உண்டு' என்று காட்ட ஓர் ஆள் உயிரோடு மிஞ்சினார்.

இதைத்தான் பிராண்டன்பர்கர், நேல்பஃப் என்ற இரு பேராசிரியர்கள் 1996-ல் புத்தகமாகவே எழுதினார்கள். நம் பாஷையில் சொன்னால், பானையைச் சேர்ந்து ஏற்றுங்கள். பொங்கியதும் அகப்பைக்குச் சண்டை போடுங்கள்.

ஏமாந்துவிட்டால்? அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று கணினி நிரல்களை மோதவிட்டு நடத்திய போட்டியில் ஜெயித்தது மிகச் சின்ன நிரல்தான். அதன் விதி இவ்வளவுதான்: முதலில் நல்லவனாக இரு; அப்புறம் அவன் செய்ததையே நீயும் செய்; அவன் திருந்தினால் நீயும் மற. நம் ஊர் மொய் நோட்டுக் கணக்கேதான்!

ஒரு எச்சரிக்கை: இருவரும் சேர்ந்து விலையை ஏற்றினால் அது கூட்டுறவு அல்ல, கூட்டுச்சதி. வாழ்த்தச் சுற்றத்தார் வரமாட்டார்கள். போட்டி ஆணையம் வரும்.