பார்க் ஃபேசிங்

செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போகும் வழியில் யாரைக் கேட்டாலும் அவரை ‘எம்.டி.’ என்றுதான் சொல்வார்கள். கம்பெனியில் அவர், ஒரு டிரைவர், ஒரு இன்னோவா என மூன்றே உருப்படி என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி இல்லை. வயலைப் பார்த்தால் நமக்கு நெல்லோ வேர்க்கடலையோ தெரியும். அவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் போட்ட கல்தான் தெரியும்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே துக்கம், வாங்கிய நிலம் முழுவதையும் விற்க முடியாததுதான்.

“தம்பி, 5 ஏக்கர் எத்தனை சென்ட்?”

“500 சார்,” என்பான் டிராஃப்ட்ஸ்மேன்.

“ரோட்டுக்கு?”

“எப்படி இழுத்தாலும் 150 போயிடும் சார்.”

“சரி, மிச்சம் 350-ம் நம்முது.”

“அதுல பத்து பர்சென்ட் பார்க்குக்கு சார். 35 சென்ட். ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிடணும்.”

எம்.டி. கண்ணை மூடிக்கொள்வார். தானத்துக்கு அஞ்சுகிறவர் அல்ல. ஊர்க் கோயிலில் ஃபேன், டியூப்லைட், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் அவருடைய உபயம் இருக்கிறது. ஆனால் அவற்றில் பெயர் எழுத இடம் இருந்தது. ஊராட்சிப் பூங்காவில் ஊராட்சியின் போர்டுதான் நிற்கும்.

2016 செப்டம்பர் வரை அவருக்குப் பூங்கா என்றால் ஊட்டியில் இருப்பது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தே அப்ரூவலாக நடமாடிய காலம் அது. மாட்டுவண்டி திரும்பினால் அது ரோடு. அந்த மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடை போட்டது. எம்.டி. ஒரு வாரம் ஷேவ் செய்யவில்லை. பிறகு மனைக்கு அப்ரூவல் தரும் டி.டி.சி.பி. ஆபீஸ் படிக்கட்டில் ஏறியவர், விதிகளை நம்மைவிட, ஏன், விதி எழுதியவர்களைவிடவே நன்றாகப் படித்துவிட்டார். 3000 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்குள் இருந்தால் பூங்காவுக்கு இடம் விட வேண்டியதில்லை என்று தெரிந்த அன்று, பத்து வருஷமாகப் பேசாத மைத்துனருக்கு போன் போட்டார். “மாப்ளே, உன் பேர்ல ஒரு 70 சென்ட் எழுதலாம்னு இருக்கேன்.” பாசம் எங்கிருந்து கிளம்பும் என்று யார் சொல்ல முடியும்? அந்தக் கணக்கு டி.டி.சி.பி.யில் எடுபடவில்லை. பாசமும் அத்தோடு வடிந்தது.

விட்டே ஆக வேண்டும் என்றானதும் எதை விடுவது என்பதில்தான் அவருடைய மேதைமை. புலப்படத்தை மேஜையில் விரித்து, விற்காத மூலையைத் தேடுவார். ஹை டென்ஷன் லைன் போகும் இடம், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம், நான்கு பக்கமும் அளவு வேறாக வரும் கோணல் முனை ஆகியவை பூங்கா. தெருவின் கடைசியில் நேராகக் குத்துகிற மனை இருக்கிறதே, அதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் யாரும் தொடமாட்டார்கள். பூங்காவுக்குத் தெருக்குத்து தோஷம் கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ரோடுகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே ஓடவிடுவார். அப்போதுதான் பாதி மனை கிழக்குப் பார்க்கும், பாதி மேற்குப் பார்க்கும். தெற்குப் பார்த்த மனையை வைத்துக்கொண்டு யார் கஷ்டப்படுவது? நகரமைப்பில் பட்டம் வாங்கியவர்கள் காற்றோட்டம், வடிகால் என்று என்னென்னவோ யோசிக்கிறார்கள். இவர் வாங்குகிறவரின் மாமியாரை யோசித்து ரோடு போடுகிறார்.

படம் அங்கீகாரமாகித் தானப் பத்திரமும் பதிந்தான பிறகு, அழுதுகொண்டே கொடுத்த 35 சென்ட் அவருக்குப் பெற்ற பிள்ளையாகிவிடும். நோட்டீஸில் முதல் வரியே அதுதான். பள்ளத்தைச் சுற்றி நாற்பது கன்று, நடுவே ஒரு சறுக்குமரம், ஓரத்தில் பிளாஸ்டிக் மான். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேனில் ஏற்றி வரும் குடும்பங்களை நேரே அங்கேதான் இறக்குவார். பிரியாணி பொட்டலமும் அங்கேதான்.

“இது என்ன சார், ஆயிரம் ரூபா கூட வெச்சிருக்கீங்க?”

“அது பார்க் ஃபேசிங் சார்.”

“இது?”

“இது மாடியில ஏறுனா பார்க் ஃபேசிங்.”

இப்படியாக, தானம் கொடுத்த நிலத்தைச் சதுர அடிக்கணக்கில் விற்க முடியாவிட்டாலும், அதைப் பார்க்கிற உரிமையைச் சதுர அடிக்கணக்கில் விற்றுவிடுவார். ‘30 அடி தார் ரோடு’ கதையும் இதுதான். அந்தத் தார் வேன் வந்து திரும்புகிறவரைக்கும் தாங்கும். மனை விற்றானதும் ரோட்டைப் பற்றிக் கேட்டால், “அது இப்ப பஞ்சாயத்து சொத்து சார், நாம கை வைக்கக் கூடாது,” என்பார் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குரலில்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவருக்குக் கை தளராது. ரோடு முடிகிற இடத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரருடைய வரப்புக்கும் நடுவே ஒரு அடி அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு விட்டு, அதைத் தன் பேரிலேயே வைத்துக்கொள்வார். நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரரும் லேஅவுட் போட்டு, இவர் ரோட்டிலேயே இலவசமாக ஓடிவிட்டால்?

எதிர்பார்த்தபடியே ஒரு நாள் அந்தப் பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்தார்.

“ஒரு அடி துண்டுதானே தம்பி. ஒரு விலை சொல்லிக் கொடுத்துடு.”

எம்.டி. விலை சொன்னார். பெரியவர் திண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னப்பா இது, அண்ணா நகர்லகூட இந்த ரேட் இல்லையே!”

“ஐயா, நீங்க நல்லா எட்டிப் பாருங்க,” என்றார் எம்.டி. “அது பார்க் ஃபேசிங்.”